52 கிளிப்புகளுக்காக ஒன்பது மாதம்

என் தந்தையார் 1986-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாசிடர் மார்க் 4 வண்டியைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, எஞ்சினுக்கு இவ்வளவு, டிங்கரிங்குக்கு இவ்வளவு, பெயிண்டுக்கு இவ்வளவு என்று ஒரு பழைய டைரியில் கணக்கெழுதி வைத்திருந்தேன். கதவின் உட்புறத்தில் ரெக்ஸின் போர்த்தி நிற்கும் அட்டையை, அதாவது குஷன் கடைக்காரர்கள் டோர் பேட் என்று சொல்வதை, இரும்புக் கதவோடு பிடித்து வைக்கும் கிளிப்புக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. எஞ்சின் வேலை இருபது நாளில் முடிந்தது. பெயிண்ட் ஒரு மாதத்தில் முடிந்தது. முன்கதவுக்கு 14, பின்கதவுக்கு 12 என மொத்தம் 52 கிளிப்புகளைத் தேடியும், செய்தும், உடைத்தும், மறுபடி செய்தும் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை அலைந்தேன். கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு ஒருபுறம் பாலக்காட்டுக்கும் மறுபுறம் கோயம்புத்தூருக்கும் பேருந்து ஏறி இறங்கிய அந்த மாதங்களில், இதை முன்பே அனுபவித்த ஒருவர் அரை மணி நேரம் பேசியிருந்தால் போதுமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

முதல் தவறு என்னுடையது. வண்டியை டிங்கரிங்குக்கு விடும்போது உட்புறப் பொருள்களை நானே கழற்றி வீட்டில் வைத்திருக்க வேண்டும். சோம்பலினால் முழு வண்டியாகவே பட்டறையில் விட்டுவிட்டேன். பட்டறையில் இருந்த பையன் பெரிய ஸ்க்ரூ டிரைவரை அட்டையின் மூலையில் நுழைத்து நெம்பியிருக்கிறான். வண்டியை எடுக்கப் போனபோது நான்கு அட்டைகளும் பதினோரு துண்டுகளாக ஒரு சாக்கில் கிடந்தன. கிளிப்புகள் எங்கே என்று கேட்டேன். மேஸ்திரி தலையை நிமிர்த்தாமலே, "கிளிப்போ? அதொக்கெ களஞ்ஞு" என்றார். துருப்பிடித்த கம்பித் துண்டுகளைக் குப்பையில் போட்டதற்காக அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அது குப்பை. அன்றைக்கு எனக்கும் அதன் அருமை தெரியாது. நல்லவேளையாக, சாக்கை உதறியபோது ஓர் அட்டைத் துண்டோடு ஒட்டியபடி ஒரே ஒரு பழைய கிளிப் கிடைத்தது. அந்த ஒன்று இல்லையென்றால் இந்த வேலை முடிந்தே இருக்காது. ஆகவே வண்டியைப் பட்டறைக்கு விடுகிறவர்கள் டோர் பேடுகளைத் தாமே கழற்றி எடுத்துக்கொள்ளட்டும். உடைந்த கிளிப்பானாலும் கதவுக்கு ஒன்று வீதம் ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கதவு என்று எழுதி வைக்கட்டும். கழற்றும்போது மூலையை இழுக்கக் கூடாது. கிளிப் இருக்கும் இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, அதன் இரு பக்கமும் தாங்கலாக நெம்ப வேண்டும். இதற்கென்று கடையில் கவட்டைக் கரண்டி விற்கிறார்கள். நான் பிற்பாடு எங்கள் வீட்டுப் பழைய தோசைத் திருப்பியின் நுனியில் பாம்பின் நாக்கைப் போல ஒரு பிளவு வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்கி வைத்துக்கொண்டேன். கடைக் கரண்டியைவிட அது மெல்லியதாக இருப்பதால் பெயிண்டைக் கீறாமல் நுழைகிறது.

பாலக்காட்டில் ஒரு குஷன் கடைக்காரர் உடைந்த துண்டுகளை அடுக்கி அளவெடுத்து, 3 மி.மீ. ஹார்ட்போர்டில் புது அட்டைகள் வெட்டி, ரெக்ஸின் போர்த்தி 7,500 ரூபாய்க்குக் கொடுத்தார். வேலை பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. "கிளிப் மட்டும் நீங்க பார்த்துக்குங்க, உக்கடத்துல கிடைக்கும்" என்றார். கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய வண்டி உதிரிக் கடைகளில் ஒரு பகல் முழுவதும் சுற்றினேன். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனாலும், ஓடுவதற்குத் தேவையான பொருள்கள் இன்றும் எப்படியாவது கிடைக்கின்றன. உட்புற அலங்காரத்தைப் பிடித்து வைக்கும் சில்லறைப் பொருள்களை யாரும் சேர்த்து வைப்பதில்லை. கடைசியில் இக்காலக் கார்களுக்கு வரும் பிளாஸ்டிக் கிளிப்புகளை, ஒன்று மூன்று ரூபாய் வீதம் நூறு வாங்கிக்கொண்டு திரும்பினேன். கடைக்காரர் எல்லா வண்டிக்கும் சேரும் என்றார். சேரவில்லை. அழுத்தினால் உள்ளே போயிற்று, விரலால் இழுத்தால் வெளியே வந்தது.

காரணம் புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அம்பாசிடர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியிலிருந்து பிறந்தது. அதன் அளவுகளெல்லாம் அங்குலத்தில் போடப்பட்டவை. என் கதவில் இருந்த துளை 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. நான் வாங்கிய கிளிப் 8 மி.மீ. துளைக்கானது. ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். கிளிப்பின் கழுத்தில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டிப் பார்த்தேன். வேலந்தாவளம் வரை ஒருமுறை போய் வருவதற்குள் ஏழு கிளிப்புகள் விடுபட்டு, அட்டை கதவோடு அடித்துக்கொண்டு பறை கொட்டுவதைப் போல ஒலித்தது. கிளிப் வாங்கப் போவதற்கு முன் துளையை அளந்துகொண்டு போக வேண்டும் என்பது சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் மெல்லிய தகட்டில் உள்ள துளையை ஸ்கேல் வைத்து அளந்தால் தவறாகவே வரும். டிரில் பிட்டுகளின் பின்தண்டை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்து, எது தள்ளாடாமல் நுழைகிறதோ அதையே அளவாகக் கொள்ள வேண்டும். நான்கு கதவிலும் பார்க்க வேண்டும், ஏனென்றால் டிங்கரிங் செய்தவர் சில துளைகளை அரத்தால் பெரிதாக்கியும் இருக்கலாம். என் வண்டியில் ஐந்து துளைகள் அப்படி இருந்தன.

அடுத்து வந்தது ஸ்க்ரூ. பழைய ஜீப்புகளிலும் லாரிகளிலும் அட்டையின் ஓரத்தில் கிண்ணம் போன்ற கப் வாஷர் வைத்துத் திருகியிருப்பார்கள். அதைக் கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை, தினசரி ஓடும் வண்டிக்கு அதைவிட நம்பிக்கையான பிடிப்பு கிடையாது. நான் செய்த பிழை நீளத்தில். கையில் கிடைத்த 25 மி.மீ. ஸ்க்ரூக்களைப் பின்புற இடது கதவில் வரிசையாக ஏற்றினேன். அப்போது கண்ணாடி மேலே ஏற்றி இருந்தது. வேலை முடித்த பெருமையில் கைப்பிடியைச் சுழற்றிக் கண்ணாடியை இறக்கினேன். பாதி வழியில் ஏதோ தடுத்தது. இறுகிப்போயிருக்கிறது என்று எண்ணிக் கொஞ்சம் பலமாகச் சுற்றினேன். பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி முழுவதும் கற்கண்டுத் துகளாகக் கதவுக்குள் கொட்டிவிட்டது. பதப்படுத்திய கண்ணாடி முகத்தில் நல்ல அடியும் தாங்கும். விளிம்பில் கூர்மையான ஒன்று பட்டால் தாங்காது. என் ஸ்க்ரூவின் முனை நேராக அந்த விளிம்பில் நின்றிருந்தது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பழைய கண்ணாடி ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்ட 2,400 ரூபாய் ஆயிற்று. கதவுக்குள் கிடந்த துகள்களை முழுதாக எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஸ்க்ரூவைத்தான் பயன்படுத்துவதென்றால் முதலில் கண்ணாடியை முழுதாக இறக்கி, கதவின் உட்தகட்டிலுள்ள பெரிய திறப்பின் வழியே செல்போன் விளக்கை அடித்து, தகட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒவ்வொரு துளைக்கும் அளக்க வேண்டும். 12 மி.மீ. ஸ்க்ரூ அட்டைக்கும் தகட்டுக்கும் தாராளமாகப் போதும். டிரில் போடும்போது விழும் இரும்புத் தூளை ஒரு காந்தத்தால் துழாவி எடுத்துவிட வேண்டும். கதவின் அடியில் தங்கினால் முதல் மழையிலேயே அங்கிருந்து துரு கிளம்பும்.

கண்ணாடி உடைந்த பயத்தில் துளையே போடாத வழி வேண்டும் என்று பசையிடம் போனேன். இருபுறமும் ஒட்டும் நுரை நாடாவும், குஷன் கடைகளில் புழங்கும் ரப்பர் பசையும் சேர்ந்து 900 ரூபாய். முன்புற இடது கதவில் மட்டும் சோதித்துப் பார்த்ததுதான் அந்த மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 பாகையைத் தொடும்போது மூடிய காருக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பசை இளகி, அட்டை தன் எடையாலேயே இரண்டு விரற்கடை கீழே வழுகி நின்றது. மேலும் பசை பூசி அழுத்தினேன். மே மாதத்தில் அதே கதவின் கண்ணாடி மெஷின், அதாவது கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி, பல் தேய்ந்து சிக்கிக்கொண்டது. அதைக் கழற்ற அட்டையை எடுத்தே ஆக வேண்டும். வெயிலில் இளகிய பசை, இழுக்கும்போது மட்டும் இளக மறுத்தது. ஹார்ட்போர்டு அடுக்கடுக்காகக் கிழிந்து பாதி கதவிலேயே ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டத் தின்னர் ஊற்றினேன், நான்கு மாதத்துக்கு முன் அடித்த பெயிண்டும் சேர்ந்து வந்தது.

அந்தக் கதவின் முன் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு முறையும் அட்டை விழாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டுமே நான் எண்ணியிருக்கிறேன். அந்த அட்டைக்குப் பின்னால் கண்ணாடி மெஷின் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, அவற்றுக்கு எண்ணெய் விட வேண்டியிருக்கிறது. ஆயுளில் பத்துப் பதினைந்து முறையாவது அது கழற்றப்படும். மாற்றுக் கிளிப் எதுவாக இருந்தாலும் ஓட்டத்தில் பிடிக்க வேண்டும், கையால் இழுத்தால் விட வேண்டும், விடும்போது அட்டையைக் கிழிக்கக் கூடாது. அட்டையைவிடக் கிளிப் பலமாக இருந்துவிட்டால் ஒவ்வொரு கழற்றலிலும் அட்டைதான் உயிர்விடும். உதிரிக் கடைக்காரர்கள் "நல்லா ஸ்ட்ராங்கா நிக்கும்" என்று காட்டும் பொருள்களை நான் அதன்பின் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

ஜூனில் மழை வந்து மீதிக் கணக்கையும் தீர்த்தது. மற்ற மூன்று கதவுகளின் அட்டைகளும் அடிப்பகுதியில் அப்பளம்போல் பொரிந்து எழுந்தன. பழைய காராக இருந்தாலும் புதிய காராக இருந்தாலும், மழையில் கண்ணாடியின் வெளிப்புற ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அடியில் உள்ள வடிகால் துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். அட்டைக்கும் கதவுக்கும் இடையில் ஒட்டிய பாலித்தீன் தாள் ஈரம் அட்டையைத் தொடாமல் காக்க வேண்டும். என் வண்டியில் வடிகால் துளைகளைப் பட்டி பூசி அடைத்திருந்தார்கள். பாலித்தீன் தாள் கிளிப்புகளோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருந்தது. கிளிப்பைத் தேடி அலைகிறவர்கள் முதலில் கதவின் அடியில் ஒரு கம்பியை விட்டு அந்தத் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டை உப்பினால் எந்தக் கிளிப்பாலும் பிடித்து வைக்க முடியாது.

இப்படியாக எல்லாம் முடிந்து, அந்த ஒற்றைப் பழைய கிளிப்போடு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன, கொண்டை ஊசியாட்டம் இருக்குது?" என்றார். உண்மைதான். ஒரே கம்பியை மடக்கி இரண்டு கால்களாக விட்டு, நடுவில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் வேலின் இலைபோல் வளைத்திருந்தார்கள். துளைக்குள் நுழையும்போது கால்கள் நெருங்கும், நுழைந்தபின் விரியும். அன்று மாலையே கடைத்தெருவில் கொண்டை ஊசி வாங்கி வளைத்துப் பார்த்தேன். வளைந்தது, ஆனால் நெருக்கினால் நெருங்கியபடியே நின்றுவிட்டது. அது மெத்தென்ற கம்பி. சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்தேன், 2 மி.மீ. தடிமனில் அது விறைத்துப்போய் அட்டையைக் கிழித்தது. ஒடிந்த குடை ஒன்றின் கம்பி அருமையாகத் துள்ளியது, ஆனால் ஒரு குடையில் ஐந்து கிளிப்புக்குமேல் தேறவில்லை. 52 கிளிப்புக்கு ஊரிலுள்ள குடைகளையெல்லாம் ஒடிக்க வேண்டும். ஆயினும் குடைக் கம்பிதான் எனக்குத் திசை காட்டியது. ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் அதை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்து, "தம்பி, உனக்கு வேண்டியது ஸ்பிரிங் கம்பி, 18 கேஜ். கோயமுத்தூர்ல ஸ்பிரிங் போடற இடத்துல கேளு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, வளையலைன்னு சூடு காட்டிறாதே, துள்ளலே போயிடும்" என்றார்.

18 கேஜ் என்பது 1.22 மி.மீ. ஒரு கிளிப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கம்பி என்றால் 52-க்கு ஐந்தரை மீட்டருக்குள் முடிந்துவிடும். எடையில் 50 கிராம்தான் வரும். கடையில் அரைக் கிலோவுக்குக் குறைவாகத் தரமாட்டோம் என்றார்கள், 450 ரூபாய். தேக்குக் கட்டை ஒன்றில் தலை வெட்டிய ஐந்து ஆணிகளை அறைந்து அச்சு செய்தேன். இந்தக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் திரும்பி எழும்; ஆகவே வேண்டிய கோணத்தைவிட அதிகமாக வளைக்கும்படி ஆணிகளை நெருக்கி அறைய வேண்டும். முதல் ஆறு கிளிப்புகள் இந்த ஆணிகளைச் சரிசெய்வதிலேயே போயின. முக்கியமான நுணுக்கம் கழுத்துக்கு அருகே உள்ள சரிவில் இருக்கிறது. நுனிச் சரிவு நுழைவதற்கு, கழுத்துச் சரிவு வெளிவருவதற்கு. கழுத்தை நான் கொக்கிபோல் செங்குத்தாக வளைத்தபோது கிளிப் கதவை விடவே இல்லை. சரிவை மெல்ல மெல்லப் படுக்க வைத்தபின் ஒழுங்குக்கு வந்தது. பழைய தகட்டில் 9.5 மி.மீ. துளை ஒன்று போட்டு, ஹார்ட்போர்டுத் துண்டில் கிளிப்பை மாட்டி, மீன் நிறுக்கும் தொங்கு தராசால் இழுத்துப் பார்த்தேன். மூன்று கிலோவை ஒட்டி விடுபட்டால் என் அட்டைக்குச் சரியாக இருந்தது. ஆறு கிலோவில் அட்டையின் துளை பிய்ந்தது. ஒவ்வொரு கிளிப்பையும் ஐந்து முறை ஏற்றி இறக்கிய பிறகே டப்பாவில் போட்டேன்.

அந்த மகிழ்ச்சியும் ஒரு வாரம்தான். ஸ்பிரிங் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு முலாம் பூசும் இடத்தில் கொடுத்து, 600 ரூபாய்க்குத் துத்தநாக முலாம் ஏற்றி வாங்கினேன். வெள்ளிபோல் மின்னின. முன்கதவில் ஏற்றத் தொடங்கினேன். நான்காவது கிளிப் டிக் என்று ஒடிந்தது, பிறகு ஏழாவது. சிலவற்றை ஏற்றிவிட்டு இரவு விட்டுவைத்திருந்தேன்; காலையில் யாரும் தொடாமலே மூன்று ஒடிந்து கிடந்தன. லேத் பெரியவர் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். அமிலத்தில் கழுவி முலாம் ஏற்றும்போது உண்டாகும் ஹைட்ரஜன், இப்படிக் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். முலாம் ஏறிய சில மணி நேரத்துக்குள் 200 பாகையை ஒட்டிய சூட்டில் பல மணி நேரம் வைத்திருந்தால்தான் அது வெளியேறும். அது ஸ்பிரிங் கம்பி என்று நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆகஸ்டில் மறுபடியும் பேருந்து ஏறி, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்பிரிங் கம்பியை அதே கேஜில் 700 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். ஹார்டுவேர் கடையில் கட்டுக் கம்பியாக விற்கும் ஸ்டெயின்லெஸ் இதற்கு ஆகாது. அது கொண்டை ஊசியைப் போலவே மெத்தென்று இருக்கும். ஸ்பிரிங் கம்பி லேசாகக் காந்தத்தில் ஒட்டினால் போலி என்று பயப்படவும் வேண்டாம். குளிர்ந்த நிலையில் இழுத்து நீட்டிய கம்பி அப்படித்தான் கொஞ்சம் ஒட்டும்.

அட்டைகளை இம்முறை நானே வெட்டினேன். நீர் தாங்கும் என்று 4 மி.மீ. மரைன் பிளைவுட் வாங்கலாமா என யோசித்துக் கைவிட்டேன். கிளிப்பின் கழுத்து 3 மி.மீ. அட்டைக்கு வளைத்தது, ஒரு மில்லிமீட்டர் கூடினால் கால் தகட்டைத் தாண்டி விரியாது. ஹார்ட்போர்டையே எடுத்து, பின்புறத்துக்கும் ஓரங்களுக்கும், குறிப்பாக ஒவ்வொரு கிளிப் துளையின் உள்விளிம்புக்கும், வார்னிஷ் இரண்டு பூச்சுக் கொடுத்தேன். தண்ணீர் முதலில் நுழைவது வெட்டிய விளிம்பில்தான். துளைகள் எங்கே வரவேண்டும் என்பதற்குச் சாப்பாட்டு மேசை மேல் விரிக்கும் கெட்டியான கண்ணாடித் தாளைக் கதவில் ஒட்டி, ஒவ்வொரு துளையையும் மார்க்கரால் வட்டமிட்டு, அதை அட்டைமேல் வைத்து ஊசியால் குத்திக்கொண்டேன். முதன்முறை இடது கதவின் தாளைத் திருப்பிப் போட்டு வலது கதவுக்கு வெட்டி, ஒரு அட்டை வீணாயிற்று. இரண்டு பக்கத் துளைகளும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். அட்டையின் துளையை வட்டமாக இல்லாமல் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளவாக்கில் நீட்டி வெட்டினால் கிளிப் கொஞ்சம் நகர்ந்து தன் துளையைத் தானே தேடிக்கொள்ளும். டிங்கரிங்கில் பெரிதாகிப்போன அந்த ஐந்து துளைகளுக்கு மட்டும் கால்களை ஒரு மில்லிமீட்டர் அகலமாக வளைத்து, கழுத்தில் சிவப்புப் பெயிண்ட் தொட்டு வைத்தேன்.

ரெக்ஸினும் கூலியும் இரண்டாம் முறை 4,000 ரூபாய். கண்ணாடி, பசை, முலாம், கம்பி எல்லாம் சேர்த்து டைரியில் கூட்டிப் பார்த்தபோது ஏறத்தாழ 17,000 ரூபாய் வந்தது. பேருந்துக் கட்டணமும் விடுப்பு எடுத்த நாள்களும் இதில் இல்லை. கடைசியில் வண்டியில் நிற்கும் கிளிப்புக்குக் கம்பி விலை ஒன்றுக்குப் பதினான்கு ரூபாய்கூட இல்லை.

நவம்பரில் ஒரு நாள் காலை, ஓட்டுநர் பக்கக் கதவின் கண்ணாடி இறங்கியபடியே நின்றுவிட்டது. மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. தோசைத் திருப்பியை எடுத்துக் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கினேன். பதினான்கும் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன, அட்டை முழுதாகக் கையில் வந்தது. மெஷினின் கையிலிருந்து கழன்றிருந்த உருளையைத் தடத்தில் மாட்டி, கிரீஸ் தடவி, பாலித்தீன் தாளை ஒட்டி, அட்டையை உள்ளங்கையால் தட்டித் தட்டி ஏற்றியபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு கிளிப் மட்டும் கைதவறிக் கதவுக்குள் விழுந்துவிட்டது. டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினேன். விழுந்தது இன்னும் உள்ளேதான் கிடக்கிறது. வேலந்தாவளம் பள்ளத்தில் இறங்கும்போது ஒருமுறை கிணுங்கும்.